பல் தடம் விழுந்த பலாக்கட்டை

மச்சான்,

காலையில் கிளப் பட்லர் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றான். சாக்குக்குள்ளே மாற்று ரப்பர் உறைகளோடு புதுத் துரையின் கிரிக்கெட் பேட்டு இரண்டு. இரண்டிலும் பிடி ரப்பர் கிழிந்து, உள்ளே சுற்றிய நூல் வெளியே தொங்கியது. சனிக்கிழமை கிளப்பில் மேச் இருக்கிறதாம், அதற்குள் மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டுத் தச்சுப் பெட்டியைத் திறந்தேன். இழைப்புளிக்கு அடியில் கையை விட்டதும் பேட்டுக்கு உறை ஏற்றுகிற நம் கூம்புக் கட்டை தானாகக் கையில் வந்து ஏறியது. சலவைச் சவுக்காரமும் பழைய ரப்பரும் கலந்த அந்த வாசம் அதை விட்டு இன்னும் போகவில்லை.

கட்டையின் நுனியில் உன் பல் பதிந்த குழி இருக்கிறதே, அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பட்லர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னா பாஸ், கட்டையில பூச்சி விழுந்திருச்சா?" என்று கேட்டான். உன் பல்லைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? எனக்கு வந்த கோபத்தில் உளியை எடுத்து எறிந்திருப்பேன். ஆனால் அவனைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருஷம்தான் பதுளைப் பக்கமிருந்து வந்தவன். இந்த ரப்பர் தோட்டத்தில் நீ யார் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அவனைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். உயிரோடு இருக்கும்போதே எழுத்தைக் கண்டால் ஓடுகிற ஆள் நீ. இப்போது உட்கார்ந்து வாசிக்கவா போகிறாய்? இருந்தாலும் எழுதுகிறேன். வாய்விட்டுச் சொன்னால் உன் தங்கச்சி அழுவாள்.

உன் தங்கச்சியை நான் கட்டியது பிறகுதான். அதற்கு முன்பே நாம் ஒரே லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பரா. நான் உளியைப் பிடித்தேன். ரப்பர் அனுப்புகிற பெட்டி அடிக்கிற வேலை எனக்கு. அதனால் சிங்கள ஆட்கள் தச்சனைக் கூப்பிடுகிற மாதிரியே தோட்டமும் என்னைப் பாஸ் என்று கூப்பிட ஆரம்பித்தது. உன்னை ரப்பர் செய்கிற ஸ்டோருக்குள் ரோலரில் போட்டார்கள். உறைந்த பால் கட்டியைத் தள்ளினால் அந்தப் பக்கம் சீட்டாக வரும். அதை எடுத்துப் புகைக் கூடத்தில் தொங்கப் போட வேண்டும். வெள்ளைச் சீட்டு உன் கையில் வழுக்கிக்கொண்டு போகிறதைப் பார்க்கவே நான் பெட்டிக் கணக்கு கேட்கிற சாக்கில் ஸ்டோருக்கு வருவேன்.

கிரிக்கெட்டு உனக்கு எப்படி வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கிளப் மைதானத்தில் துரைமார் அடிக்கிற பந்து ரப்பர் மரங்களுக்குள் போனால் தேடி எடுத்துவரத்தான் உன்னைக் கூட்டிப் போனார்கள். நீ பந்தைத் தேடினாயா, ஆட்டத்தைப் பார்த்தாயா? பெரிய துரை சீமைக்குப் போகும்போது தன் பழைய பேட்டை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு நமக்கும் ஒரு டீம் வந்தது. ஆபீஸ் கிளாக்கர் ஐயா, மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா, யட்டியாந்தோட்டை கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காசிம் நானா, மிச்சமெல்லாம் லயத்து ஆட்கள். புகைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சரிவுதான் நமக்கு மைதானம். இருந்தது ஒரே பேட்டு, ஒரே பந்து.

மற்றவர்கள் அடித்தால் டொக்கென்று சத்தம் வரும். நீ அடித்தால் சத்தமே கம்மி. என்னடா, படவில்லையா என்று பார்த்தால் பந்து வடிகால் கானுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். நான் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதே இல்லை மச்சான். மழையைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படியிருந்த கையைத்தான் ரோலர் இழுத்தது. சீட்டோடு சேர்த்து வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நீ வேறு ஆளாக வந்தாய். வெயிலிலும் நீளக் கைச் சட்டை, அதற்கு மேலே சுற்றிய துண்டு. சோறு தின்னும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாய். ரோலர் வேண்டாம் என்று கிழவர்களோடு சேர்த்து ஒட்டுப்பால் பொறுக்க உன்னைப் போட்டார்கள். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் துணுக்கை உரித்துக் கூடையில் போடுகிற வேலை. நீ அதையும் ஒரு வார்த்தை பேசாமல் செய்தாய். எனக்குப் பயம் தந்தது அந்தப் பேசாமைதான்.

பேட்டு உன் காம்பராவில் மூலையில் கிடந்தது. ஒரு நாள் அதை எடுத்து உன்னிடம் நீட்டினேன். "புடிக்கிற கையா இது? போட்டுட்டுப் போ" என்றாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் தங்கச்சி என் முன்னால் வந்து நின்றாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை என்று உனக்கே தெரியும். "அண்ணே ஒரு தடவ பேட்டத் தூக்கிட்டாப் போதுங்க. மத்ததெல்லாம் தானா வந்துரும்" என்றாள். அது எனக்கு இட்ட கட்டளை. எதைச் செய்தாவது நீ பேட்டைத் தூக்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு யோசனை எதுவும் ஓடவில்லை.

பேட்டை வெளியே கொண்டுவந்து பார்த்தேன். பிடி ரப்பர் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. மூன்று விரலுக்கு அந்தக் காம்பு ஒல்லி, கைக்குள்ளேயே சுழலும். பிடியைப் பருமனாக்கினால் மூன்று விரலுக்கும் அது அடங்கும் என்று எனக்குத் தோன்றியது. இங்கேதான் மச்சான் வேடிக்கை. நாம் வெட்டின பால் சீட்டாகி, என் பெட்டியில் ஏறிக் கப்பலில் போகிறது. போன ரப்பர் சீமையில் பிடி உறையாகித் துரைமார் பேட்டுக்குத் திரும்பி வருகிறது. மலை மலையாக ரப்பர் இருக்கிற தோட்டத்தில் ஒரு பேட்டுக்குப் போட ஒரு சாண் உறை கிடையாது.

காசிம் நானாவிடம் போய்ச் சொன்னேன். மனுஷன் உடனே எழுந்தார். கடைக்குள் போய் ஒரு பழைய சைக்கிள் டியூப்பைக் கொண்டுவந்து என் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டார். "ரெண்டு அடுக்காப் போடுங்க பாஸ். சவுக்காரத் தண்ணி தடவுங்க, இல்லாட்டி ஏறாது" என்றார். கைக்கு ஒல்லியாக இருந்த காம்பு டியூப்புக்குப் பருமன். விரித்து ஏற்ற ஒரு கருவி வேண்டும் என்று பலாக்கட்டையைச் செதுக்கினேன். ஒரு முனை விரல் கனம், மறு முனை பேட்டுக் காம்பின் கனம், அடியில் காம்பின் தலை உட்காரக் கிண்ணம் மாதிரி ஒரு குடைவு. கண்ணாடிச் சில்லால் சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்கினேன். என் பெட்டிகளையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு அழகாக எதையும் நான் செய்ததில்லை. பீற்றிக்கொள்கிறேன் என்றால் பீற்றிக்கொள்கிறேன்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன் காம்பரா வாசலிலேயே வேலையை வைத்தோம். நீ பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே வைத்தேன். நீ வாசற்படியில் துண்டைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய். நூலை மெழுகு போட்டுப் புதிதாகச் சுற்றினேன். டியூப்பைத் துண்டு போட்டேன். வேடிக்கை பார்த்த ஒருவன் தேங்காயெண்ணெய் தடவலாம் என்றான். எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுப்போகும் என்று லயமே அவனைத் திட்டியது. சவுக்காரம் தேடப் போன உன் தங்கச்சியை நான்தான் நிறுத்தினேன். ரப்பர் தோட்டத்துக்காரனுக்குச் சவுக்காரம் எதற்கு, பால் இருக்கிறதே! ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். இதைவிட வேறு என்ன வேண்டும்? எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவன் ஓடிப்போய் ஸ்டோரிலிருந்து சிரட்டை நிறையப் பால் கொண்டுவந்தான்.

தடவினோம். டியூப்பைக் கூம்பில் மாட்டி, கூம்பைக் காம்பில் வைத்து, இரண்டு பேர் பேட்டைப் பிடிக்க இரண்டு பேர் இழுத்தோம். பாதிக் காம்பு வரைக்கும் வந்தது. பிறகு அசையவில்லை. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. கிளாக்கர் ஐயாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு கை பிடித்தார். நான் காலை உதைத்துக்கொண்டு இழுத்ததில் டியூப்பு அறுந்து மல்லாக்க விழுந்தேன். எல்லாரும் சிரிக்கிறார்கள், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. உன் தங்கச்சி சிரிக்கவில்லை.

அப்போதுதான் வாசற்படியிலிருந்து உன் குரல் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நீயாகப் பேசிய பேச்சு.

"எந்தத் தொட்டியில மொண்டீங்க?"

பால் கொண்டுவந்தவன் சொன்னான். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அது ஆசிட் ஊத்தின தொட்டிடா. ஒறையத்தான செய்யும்."

பாலை உறையவைக்கத்தான் ஆசிட் போடுகிறார்கள். அதை உறைக்குள் ஊற்றி, காம்புக்கும் டியூப்புக்கும் நடுவிலேயே சீட்டு செய்திருக்கிறோம். பிறந்ததிலிருந்து ரப்பருக்குள் கிடக்கிற இத்தனை பேரும் சேர்ந்து! வேறு ஊரில் இந்த மடத்தனத்தைச் செய்ய நினைத்தாலும் முடியாது. நீ எழுந்தாய். எழுந்தபோது துண்டு கீழே விழுந்தது. நீ குனிந்து எடுக்கவில்லை. அதை உன் தங்கச்சியும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

பால் வெட்டுகிற கத்தியால் அந்த உறைந்த கோலத்தையெல்லாம் வழித்துப் போட்டாய். சவுக்காரத் தண்ணீர் கேட்டாய். கல்லில் உட்கார்ந்து பேட்டைத் தொடைக்கு நடுவில் இடுக்கினாய். புது டியூப்பைக் கையில் எடுத்து, நாங்கள் செய்த மாதிரி நீட்டிப் பிடிக்காமல், சட்டைக் கையைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டிச் சுருட்டி ஒரு வளையமாக்கிக் கூம்பின் நுனியில் போட்டாய். கூம்பைக் காம்பின் தலையில் உட்காரவைத்தாய். அதைப் பிடிக்க உனக்கு இன்னொரு கை வேண்டும். நான் எழுந்து வரப் பார்த்தேன். நீ அதற்குள் குனிந்து கூம்பின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாய்.

பிறகு நடந்ததை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. இடது உள்ளங்கை ஒரு பக்கம், வலது கையின் மூன்று விரல் ஒரு பக்கம். இழுக்கவே இல்லை. வளையத்தை மேலிருந்து கீழே தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டு வந்தாய். கூம்பின் சரிவில் அது தானாக விரிந்தது. விரிந்து, காம்பில் ஏறி, உருண்டு, ஒரு சுருக்கம் விழாமல் அடி வரைக்கும் போய் உட்கார்ந்தது. அஞ்சு ஆம்பிளை பத்துக் கையால் செய்ய முடியாததை நீ ஒன்றரைக் கையாலும் பல்லாலும் செய்துவிட்டு வாயிலிருந்து மரத்தூளைத் துப்பினாய். அதே மாதிரி அதற்கு மேலே இரண்டாவது டியூப்பு.

எப்படியடா என்று கேட்டேன். நீ உன் நீளக் கைச் சட்டையைக் காட்டினாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஒற்றைக் கையால் இந்தச் சட்டைக் கையைத்தான் சுருட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாயாம். "இழுத்தா இறுகும் மச்சான். தள்ளினா விரியும்" என்றாய். எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் நீ சும்மா இருக்கவில்லை. கை போன இடத்தில் வேறொரு கையைச் செய்துகொண்டிருந்திருக்கிறாய்.

பேட்டு உன் கையில்தான் இருந்தது. போட்டுப் பார்த்த பிடியைச் சரிபார்க்கிற மாதிரி மெதுவாகத் தூக்கினாய். இரண்டு அடுக்கு ரப்பர் உன் மூன்று விரலுக்குள் அடங்கியது. தூக்கியதை நீ இறக்கவில்லை. உன் தங்கச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தோடு ஆடினோமே, அந்த ஆட்டத்தைப் பற்றி இன்னும் கடைவீதியில் பேசுகிறார்கள். நீ இறங்கியபோது அவர்களில் ஒருவன் உன் கையைப் பார்த்துவிட்டுப் பந்தை மெதுவாகப் போட்டான். நீ அதை அடிக்காமல் எடுத்து அவனிடமே உருட்டி, "ஒழுங்காப் போடு தம்பி" என்றாய். அடுத்தது ஒழுங்காக வந்தது. பேட்டு பட்ட சத்தமே எனக்குக் கேட்கவில்லை. எல்லாரும் தலையைத் தூக்கியதால் நானும் தூக்கினேன். பந்து புகைக் கூடத்துக் கூரைக்கு மேலே, புகைக்குள் நுழைந்து வெளியே வந்து, அந்தப் பக்கத்து ஓயாவின் தண்ணீரில் போய் விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு சிங்களப் பெரியவர், "ஹரி ஷோக்" என்று, ரொம்ப ஜோர் என்கிற மாதிரி, தனக்குத்தானே மெதுவாகச் சொன்னார். இருந்தது ஒரே பந்து என்பதால் ஆட்டமும் அதோடு முடிந்தது. யார் ஜெயித்தது என்று கிளாக்கர் ஐயாவும் அந்தத் தோட்டத்துக் கிளாக்கரும் பொழுது சாயும்வரை சண்டை போட்டார்கள்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டில் நீ துரை முன்னால் போய் நின்று, ரோலருக்கே திரும்பிப் போவதாகச் சொன்னாய். அவர் உன் கையைப் பார்த்தார், நீ அவர் முகத்தைப் பார்த்தாய். அதே ரோலர். விரலைத் தின்ற அதே வாய்க்கு நேரே நின்று நீ சீட்டைத் தள்ளுவதை நான் ஸ்டோர் கதவருகே நின்று பார்த்தேன். உன் கை நடுங்கவில்லை. பந்து புகைக் கூடத்தைத் தாண்டியதைவிட எனக்கு அதுதான் பெரிது.

அதற்குப் பிறகு கிளப் பேட்டெல்லாம் உன்னைத் தேடி லயத்துக்கு வந்ததும், நான் உனக்காக இன்னொரு கூம்பு செதுக்கித் தந்தபோது பழசுதான் பல்லுக்குப் பழகியிருக்கிறது என்று அதைத் திருப்பிக் கொடுத்ததும் உனக்கே தெரியும்.

பிறகு அந்த மலேரியாக் காய்ச்சல் வந்தது. மழை பொய்த்து, உன் பந்து விழுந்த ஓயாவே வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கி, எங்கே பார்த்தாலும் கொசு. எந்தக் காம்பராவுக்குள் போனாலும் கம்பளிக்குள் ஒரு ஆள் நடுங்கிக்கொண்டு கிடந்தது. டிஸ்பென்சர் ஐயா கொயினா மருந்தைக் கொண்டு வாசல் வாசலாக அலைந்தார். உனக்கும் கொடுத்தார். நீ விழுந்தால் எழுந்துவிடுவாய் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து காட்டியவன்தானே நீ.

அன்றைக்கு உச்சி வெயில். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் வரும்போதெல்லாம் நீ வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். மூன்று விரல்தான், ஆனால் என்ன பிடி அது! நடுக்கம் நின்றது. சரி, தூங்குகிறாய் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீ போய்விட்டாய் என்று தெரிந்தது. உன் தங்கச்சியைக் கூப்பிட எழுந்திருக்கப் பார்த்தேன். நீ விடவில்லை. கையை இழுத்தேன், இன்னும் இறுகியது. உன் விரலைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்தது. இழுக்கிறதை நிறுத்தி, என் கையை உன் உள்ளங்கைக்குள்ளேயே மெதுவாகத் தள்ளினேன். விரல் ஒவ்வொன்றாக விரிந்து என்னை விட்டது.

அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்லருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பேட்டைத் தானே எடுத்து, கூம்பை வைத்து, உறையை நீட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் ஒரு சத்தம் போட்டேன். "இழுக்காதடா. தள்ளு."

என் குரல்தான். ஆனால் அந்த 'டா' என்னுடையது இல்லை, உன்னுடையது. வேற்று ஆளிடம் நான் அப்படிப் பேசுகிறவனும் இல்லை. பட்லர் பேட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. உன் தங்கச்சி சுளகைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடிவந்து, பட்டறை முழுக்க ஒரு தடவை பார்த்தாள். அவள் தேடியது யாரை என்று எனக்குத் தெரியும். நான் எழுந்துபோய் உறையைச் சுருட்டி வளையமாக்கி, உன் பல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே தள்ளினேன். அது அடி வரைக்கும் போய் உட்காரும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.